எண்ணும் வரைபடமும் நகரை மாற்றிய வரலாறு

எந்தத் தெருவில் எத்தனை பேர் எதனால் இறந்தார்கள், எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் வந்தது, எந்தச் சந்தில் எத்தனை குடும்பங்கள் அரைவயிற்றோடு படுத்தன என்று எண்ணி, அந்தக் கணக்கை அட்டவணையாகவும் வரைபடமாகவும் ஆக்கி, ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர்கள்முன் வாதமாக வைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டு லண்டனில் உருப்பெற்றது. இன்று இதைத் தரவுக் கதையாடல் என்கிறார்கள். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இதன் முக்கியமான உத்திகள் கையாலேயே செய்து பார்க்கப்பட்டுவிட்டன. அதன் பலங்களும் ஆபத்துகளும் அப்போதே வெளிப்பட்டன. எண் தனியாக நின்று எந்த நகரத்தையும் மாற்றியதில்லை. அதை இடத்தோடு இணைத்துக் காட்ட ஒருவரும், கண்டதைச் செய்து முடிக்கச் சட்டமும் பணமும் கொண்ட ஓர் அமைப்பும் சேர்ந்தபோதுதான் தெருக்கள் மாறின. அப்படி மாறியபோதும், எதை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவு செய்தவரின் பார்வையே யார் பயன் பெற்றார், யார் வீடிழந்தார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது.

சாவுக் கணக்கிலிருந்து சட்டம் வரை

லண்டனில் சாவுக் கணக்கு பழையது. கொள்ளைநோய் பரவுவதைக் கவனிப்பதற்காக, ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் வாரந்தோறும் இறந்தவர் எண்ணிக்கையைத் தொகுத்து அச்சிடும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைபெற்றிருந்தது. துணி, ஊசி, நூல் விற்ற ஜான் கிரான்ட் என்ற வணிகர் இந்தப் பட்டியல்களைச் சேர்த்து ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள்தொகைப் புள்ளியியலின் முதல் நூலாக அதைக் கருதுகிறார்கள்.

அரசே பொறுப்பேற்ற முறையான பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றும் பொதுப் பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. 1839இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் ஃபார் என்ற மருத்துவர், இறப்புக்கான காரணங்களை வகைப்படுத்தி, வட்டார வாரியாகத் தொகுத்து, நாற்பது ஆண்டுகள் அந்தக் கணக்கைக் காத்தார். பின்னால் வந்த எல்லா வரைபடங்களுக்கும் ஃபாரின் பதிவேடுகளே கச்சாப்பொருள்.

இந்தக் கணக்கை முதலில் அரசியல் வாதமாக்கியவர் எட்வின் சாட்விக். ஏழைகள் நலச் சட்ட ஆணையத்தின் செயலாளராக இருந்த அவர், உழைக்கும் மக்களின் சுகாதார நிலை குறித்து 1842இல் வெளியிட்ட அறிக்கையில் ஓர் எளிய அட்டவணை இருந்தது. மான்செஸ்டரில் இறந்தவர்களின் சராசரி வயது மேல்தட்டினருக்கு 38, வணிகர் குடும்பங்களுக்கு 20, கூலியாட்கள் குடும்பங்களுக்கு 17. நாட்டுப்புறமான ரட்லண்டில் இதே மூன்று பிரிவினருக்கு 52, 41, 38. கிராமத்துக் கூலிக்காரர் நகரத்துக் கனவான் அளவுக்கு வாழ்கிறார் என்ற அந்த ஒற்றை ஒப்பீடு வாசகரை உலுக்கியது. லண்டனின் பெத்னல் கிரீன், வடக்கேயுள்ள லீட்ஸ் ஆகிய இடங்களின் வரைபடங்களும் அறிக்கையில் சேர்க்கப்பட்டன. நோய் கண்ட வீடுகளும் சாக்கடை இல்லாத தெருக்களும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதை அவை காட்டின.

சாட்விக்கின் அட்டவணையில் ஒரு பிழை இருந்தது. பிள்ளைகள் அதிகம் பிறக்கும் ஊரில் குழந்தை இறப்பும் அதிகம் பதிவாகும். அதனால் இறந்தவரின் சராசரி வயது தானாகவே இறங்கிவிடும். ஊரின் வயது அமைப்பைப் பார்க்காமல் இப்படி ஒப்பிடக் கூடாது என்று காப்பீட்டுக் கணக்கரான நெய்சன் 1844இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் எடுத்துக்காட்டினார். கணக்கு முறை சரியில்லை என்றாலும் சாக்கடை பற்றிய முடிவு சரியாகவே இருந்தது. மக்கள் மனத்தில் நின்றதும் சாட்விக்கின் எண்தான். 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. கவர்ச்சியான ஓர் எண், கணக்கியலில் தோற்றும் அரசியலில் வெல்லலாம் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

பிராட் தெருவின் கைபம்பு

1801இல் ஏறக்குறைய 10 லட்சமாக இருந்த லண்டனின் மக்கள்தொகை 1851இல் 23 லட்சத்தைத் தாண்டியது. சாக்கடையும் குடிநீரும் அந்த வேகத்தில் வளரவில்லை. 1831இல் பிரிட்டனுக்குள் நுழைந்த காலரா 1848–49இலும் 1853–54இலும் மீண்டும் வந்தது. அழுகலிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பதே அரசு மருத்துவர்கள் உட்படப் பெரும்பாலோரின் நம்பிக்கை. ஃபாரும் அப்படித்தான் எண்ணினார். தேம்ஸ் நதி மட்டத்திலிருந்து வட்டாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் காலரா இறப்பு குறைகிறது என்று 1852இல் அவர் வெளியிட்ட கணக்கு துல்லியமானது. ஆனால் தாழ்வான பகுதிகளில் காற்று மட்டும் தேங்கவில்லை. அங்கே குடிநீரும் மோசமாக இருந்தது. சரியான எண்ணிலிருந்து தவறான காரணம் பிறந்தது.

மயக்க மருந்து கொடுப்பதில் பேர் பெற்ற மருத்துவர் ஜான் ஸ்னோ, நோய் குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று 1849இலேயே எழுதியிருந்தார். 1854 ஆகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியின் பிராட் தெருவில் காலரா திடீரென்று வெடித்தது. பத்து நாட்களில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். மொத்த இறப்பு 600ஐத் தாண்டியது. ஸ்னோ பதிவு அலுவலகத்திலிருந்து பட்டியல் வாங்கினார். மூன்று நாட்களில் நேர்ந்த 83 இறப்புகளில் 73 அந்தத் தெருக் கைபம்புக்கு அருகிலேயே நேர்ந்திருந்தன. அவற்றில், இறந்தவர் அந்த பம்புத் தண்ணீரைக் குடித்தவர் என்பது 61 இறப்புகளில் உறுதியானது. மீதி 10 இறப்புகள் வேறு பம்புக்கு அருகே நேர்ந்திருந்தன. அந்தப் பத்தில் ஐந்து குடும்பங்கள் பிராட் தெருத் தண்ணீரையே விரும்பி ஆளனுப்பி எடுத்துவரச் செய்தவை. மூவர் அந்த பம்புக்கு அருகிலிருந்த பள்ளிக்குப் போன பிள்ளைகள்.

பாதிக்கப்படாதவர்களையும் ஸ்னோ தேடினார். அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் இறந்தவர் ஐந்து பேர்தான். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுபான ஆலையில் வேலை செய்த எழுபதுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையே பீர் கொடுத்தது, தண்ணீருக்கும் ஆலைக்குள்ளேயே கிணறு இருந்தது. இன்னொரு பக்கம், பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி இறந்திருந்தார். முன்பு பிராட் தெருவில் குடியிருந்த அவருக்கு அந்தத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால் நாள்தோறும் வண்டியில் அது அவர் வீட்டுக்குப் போனது. விதிக்கு மாறாகத் தெரிந்த ஒவ்வொரு நிகழ்வும் விசாரித்துப் பார்த்தபோது விதியையே உறுதிப்படுத்தியது.

செப்டம்பர் 7ஆம் தேதி மாலை வட்டார நிர்வாகக் குழுவின் முன் ஸ்னோ தம் கருத்தைச் சொன்னார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் மக்கள் பலர் அப்பகுதியை விட்டு ஓடியிருந்தார்கள், நோயும் தணியத் தொடங்கியிருந்தது.

இன்று பாடநூல்களில் காணப்படும் புகழ்பெற்ற வரைபடம் அப்போது இல்லை. ஒவ்வொரு இறப்புக்கும் ஒரு கறுப்புக் கோடு இட்டு, கோடுகள் வீடுதோறும் அடுக்கப்பட்ட அந்த வரைபடத்தை ஸ்னோ சில மாதங்கள் கழித்தே தயாரித்து, 1855இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் வெளியிட்டார். அவர் காரணத்தைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை, கண்டதைப் பிறருக்குப் புரியவைக்கவே உதவியது. அதே ஆண்டு வட்டார விசாரணைக் குழுவின் அறிக்கைக்காக அவர் வரைந்த இரண்டாம் வரைபடத்தில் ஒரு கோடு கூடுதலாக இருந்தது. பிராட் தெரு பம்புக்கும் சுற்றியிருந்த மற்ற பம்புகளுக்கும் நடந்துபோகச் சம தூரமாக உள்ள இடங்களை அது இணைத்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் சாவு குவிந்திருந்தது.

அதே நோயை 1854 செப்டம்பரிலேயே இன்னொருவரும் வரைபடமாக்கினார். சாக்கடை ஆணையத்தின் பொறியாளர் எட்மண்ட் கூப்பருக்கு வேறொரு கேள்வி இருந்தது. புதிய சாக்கடை தோண்டியபோது பழைய கொள்ளைநோய்க் காலத்து இடுகுழி கிளறப்பட்டதே நோய்க்குக் காரணம் என்று மக்கள் குற்றஞ்சாட்டினார்கள். இடுகுழி இருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்துக்கும் இறப்புகளுக்கும் தொடர்பில்லை என்று கூப்பரின் வரைபடம் காட்டியது. பம்பைப் பற்றி அதில் வாதம் இல்லை. இருவர் கையிலும் இருந்தவை ஏறக்குறைய ஒரே இறப்புகள். கேள்வி வேறாக இருந்ததால் வரைபடம் சொன்ன செய்தியும் வேறாயிற்று.

இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள்

ஸ்னோவின் வலுவான சான்று பிராட் தெருவில் இல்லை, தேம்ஸின் தென்கரையில் இருந்தது. அங்கே சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால், லாம்பெத் என்ற இரண்டு தனியார் கம்பெனிகள் ஒரே தெருக்களில் போட்டிபோட்டுக் குழாய் பதித்திருந்தன. அடுத்தடுத்த வீடுகளுக்கு வெவ்வேறு கம்பெனியின் தண்ணீர் வந்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் நீர் எடுக்கும் இடத்தை லண்டனின் கழிவு கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. மற்றது நகரக் கழிவு கலந்த பேட்டர்சீயிலிருந்தே எடுத்தது. பணக்காரர், ஏழை, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி 3 லட்சம் பேர் தங்களுக்கே தெரியாமல் இரண்டு பிரிவாகியிருந்தார்கள்.

எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று குடியிருப்பவர்களில் பலருக்கே தெரியவில்லை. ஸ்னோ வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்து உப்பின் அளவைச் சோதித்தார். பேட்டர்சீ நீரில் உப்பு மற்றதைவிட ஏறக்குறைய 40 மடங்கு இருந்ததால் எது எந்தக் கம்பெனி என்பது உடனே தெரிந்தது. நோய் பரவிய முதல் ஏழு வாரக் கணக்கு இது: சதர்க் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள், லாம்பெத் கம்பெனியின் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீடுகளுக்கு 315, 37 என்ற விகிதம். லண்டனின் மற்றப் பகுதிகளில் அது 59.

இவ்வளவு தெளிவான கணக்கையும் அரசின் சுகாதார வாரியக் குழு ஏற்கவில்லை. ஆனால் சோஹோவில் முதலில் ஸ்னோவை மறுத்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார், தாமே வீடு வீடாக விசாரித்து மனம் மாறினார். பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற குழந்தை ஒன்றின் துணி அலசிய நீர், கிணற்றுக்கு மூன்றடி தூரம்கூட இல்லாத கழிவுத் தொட்டியில் ஊற்றப்பட்டது என்று அவர் கண்டறிந்தார். ஸ்னோ 1858இல் இறந்தார். அதே கோடையில் தேம்ஸின் நாற்றம் நாடாளுமன்றத்தையே நிலைகுலைய வைத்தது. 1855இல் உருவான பெருநகரப் பணிகள் வாரியத்துக்கு அதன்பின் போதிய அதிகாரமும் நிதியும் கிடைத்தன. அதன் தலைமைப் பொறியாளர் ஜோசஃப் பாசல்கெட் நகரின் கழிவைக் கிழக்கே கொண்டுபோகும் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். அவரைத் தூண்டியது நாற்றமே நோய் என்ற பழைய கொள்கைதான் என்றாலும், பலன் ஸ்னோவின் கொள்கைக்கே சாதகமாக அமைந்தது. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, பாசல்கெட்டின் பணி முடிவடையாத கிழக்கு லண்டனையே அது கடுமையாகத் தாக்கியது. ஒரு கம்பெனியின் வடிகட்டப்படாத தண்ணீரே காரணம் என்று இம்முறை எண்ணிக் காட்டியவர் வில்லியம் ஃபார்.

சார்லஸ் பூத்தின் ஏழு வண்ணங்கள்

நோயை வரைந்த முறையை வறுமைக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் பூத். லிவர்பூலில் பிறந்த கப்பல் வணிகர் அவர். 1880களில் கிழக்கு லண்டனின் ஏழ்மை குறித்து நாளேடுகளும் சோஷலிஸ்டுகளும் பெரிதாகப் பேசினார்கள். பூத் அதை மிகைப்படுத்தல் என்று கருதி, தம் சொந்தச் செலவில் கணக்கெடுக்கத் தொடங்கினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கு வீடு போகும் கல்வி வாரிய ஊழியர்களே அவருக்குத் தகவல் கொடுத்தவர்கள். ஒவ்வொரு குடும்பத்தின் வருமானமும் வேலையும் அவர்களுக்கு அத்துப்படி. முதல் தொகுதி 1889இல் வந்தது. 1903க்குள் அது 17 தொகுதிகளாக வளர்ந்தது.

கணக்கு பூத்தின் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. கிழக்கு லண்டனில் 35 சதவீதம் பேரும், லண்டன் முழுவதும் 30.7 சதவீதம் பேரும் வறுமையில் இருந்தார்கள். நடுத்தர அளவுள்ள குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வருமானமே அவர் வறியோருக்கு வைத்த அளவுகோல். வறுமைக்குக் காரணம் குடியும் சோம்பலும் என்ற பொதுக் கருத்தையும் அவர் சோதித்தார். மிக ஏழ்மையான பிரிவுகளில் 55 சதவீதத்தினருக்கு வேலையின்மையும் குறைந்த கூலியுமே காரணம். நோயும் பெரிய குடும்பமும் 27 சதவீதம். குடியும் ஊதாரித்தனமும் சேர்ந்து 14 சதவீதம்தான்.

அட்டவணைகளைவிட அவருடைய வரைபடமே பேசப்பட்டது. தெருத்தெருவாக ஏழு வண்ணங்கள்: செல்வருக்கு மஞ்சள், நடுத்தர வர்க்கத்துக்குச் சிவப்பு, ஓரளவு வசதிக்கு இளஞ்சிவப்பு, கலப்புக்கு ஊதா, ஏழைக்கு வெளிர்நீலம், மிக ஏழைக்குக் கருநீலம், அடித்தட்டுக்குக் கறுப்பு. ஒளிரும் பெருஞ்சாலைக்குப் பின்னால் இரண்டே சந்து தள்ளிக் கருநீலம் இருப்பதை லண்டன்வாசிகள் முதன்முறையாகத் தாளில் பார்த்தார்கள். 1890களின் இறுதியில் பூத்தின் உதவியாளர்கள் காவலர்களோடு தெருத்தெருவாக நடந்து வரைபடத்தைத் திருத்தினார்கள். அந்தக் குறிப்பேடுகள் இன்று லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் உள்ளன.

வரைபடத்தின் பலவீனம் அதன் கறுப்பு வண்ணத்தில் இருந்தது. மற்ற வண்ணங்கள் வருமானத்தைச் சொன்னபோது, கறுப்பு மட்டும் தீயவர், பாதிக் குற்றவாளிகள் என்று ஒழுக்கத் தீர்ப்பும் சேர்த்துச் சொன்னது. அப்படிக் குறிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று பெத்னல் கிரீன் எல்லையிலிருந்த ஓல்ட் நிக்கோல் சேரி. புதிதாக அமைந்த லண்டன் மாவட்ட மன்றம் 1890களில் அதை இடித்துத் தரைமட்டமாக்கி, அகன்ற தெருக்களும் செங்கல் குடியிருப்புகளும் கட்டியது. 1900இல் திறப்புவிழா நடந்தது. வெளியேற்றப்பட்ட 5,700க்கும் மேற்பட்டவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே புதிய வீடுகளுக்குத் திரும்பினார்கள். வாடகை அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. மற்றவர்கள் அக்கம்பக்கத்துச் சந்துகளில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். வரைபடத்தில் அந்த இடம் மாறியது, அங்கிருந்தவர்கள் வாழ்க்கை மாறவில்லை.

பூத்தின் உழைப்பு வேறொரு வழியில் ஏழைகளுக்கே பயன்பட்டது. முதியோரின் வறுமை குறித்த அவருடைய கணக்கும் பிரசாரமும் 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்துக்கு வழி வகுத்தன. 70 வயதைக் கடந்த ஏழை முதியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை 1909 ஜனவரி முதல் கிடைத்தது.

அட்லாண்டிக்கைக் கடந்த முறை

சிகாகோவில் குடியேறிகள் நடுவே இயங்கிய ஹல் ஹவுஸ் நிலையத்தின் பெண்கள் பூத்தின் முறையை எடுத்துக்கொண்டு 1895இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். புளோரன்ஸ் கெல்லி தலைமையில் திரட்டிய தகவலைக் கொண்டு இரண்டு வரைபடங்கள் தயாராயின. ஒன்று எந்த நாட்டார் எந்த மனையில் வாழ்கிறார் என்று 18 பிரிவுகளில் காட்டியது, மற்றது அவர்களின் வாரக்கூலியைக் காட்டியது.

டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வார்டில் வீடு வீடாக விசாரித்து, கறுப்பின மக்களின் வாழ்வை 1899இல் நூலாக்கினார். அவரும் வண்ணமிட்ட வரைபடம் ஒன்று வரைந்தார். ஒரே வண்ணத்தில் அடக்கப்பட்டுவந்த ஒரு சமூகத்துக்குள் எத்தனை நிலைகள் உண்டு என்பதை அது காட்டியது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவரும் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களும் கையால் வரைந்து வைத்த படங்கள் இன்றைய வடிவமைப்பாளர்களையும் வியக்க வைப்பவை.

எம்டனும் சென்னைக் கண்காட்சியும்

வரைபடத்தை நூலிலிருந்து எடுத்துப் பொதுமக்கள் வந்து பார்க்கும் கூடத்துக்குக் கொண்டுபோனவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ். உயிரியல் படித்த அவர், நகரத்துக்கு மருந்து எழுதும் முன் நோயறிய வேண்டும், திட்டமிடும் முன் ஊரை அளந்தறிய வேண்டும் என்று வற்புறுத்தினார். எடின்பரோவில் 1892இல் அவர் அமைத்த பார்வைக் கோபுரம் அந்த ஊரின் வரலாறு, புவியியல், மக்கள் வாழ்வு ஆகியவற்றை மாடிக்கு மாடி விளக்கியது. நகரங்கள், நகரத் திட்டமிடல் பற்றிய அவருடைய கண்காட்சி 1911 முதல் பல ஊர்களுக்குப் பயணம் போய், 1913இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பெரும் பரிசு பெற்றது.

அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு கெடிஸை அழைத்தார். கண்காட்சியின் வரைபடங்களும் படங்களும் கிளான் கிரான்ட் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் மினிக்காய் தீவை ஒட்டிய கடலில் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு முழுவதும் கடலுக்குள் போயிற்று. பிரிட்டனிலிருந்த நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

பின்னர் கெடிஸ் மாகாணத்தின் ஊர்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூரும் மதுரையும் அவற்றில் முக்கியமானவை. நெரிசலான குடியிருப்புகளுக்கு நடுவே நேர்கோட்டில் அகலச் சாலை வெட்டுவதே அன்றைய பொறியாளர்களின் வழக்கமான தீர்வு. கெடிஸ் வீட்டுக்கு வீடு பார்த்து, எது இடிந்து கிடக்கிறது, எது குடியிருக்கத் தக்கது என்று குறித்தார். பாழடைந்த சிலவற்றை மட்டும் நீக்கி, அந்த வெற்றிடங்களை மரம் நிழல் தரும் சிறு முற்றங்களாக்கினால் போதும் என்றார். செலவும் பெரிதாகக் குறையும், வீடிழப்போரும் சிலராகவே இருப்பார்கள். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். குளத்தைச் சுத்தம் செய்து மீன் விட்டால் கொசு ஒழியும், ஊருக்குக் குளிர்ச்சியும் நீரும் நிற்கும் என்பது அவர் வாதம். கெடிஸோடு பணியாற்றிய கட்டடக் கலைஞர் லான்செஸ்டர் சென்னை நகரை ஆராய்ந்து 1918இல் நூல் வெளியிட்டார். 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. சட்டம் நிலைத்தது. குளத்தைக் காக்கும் அறிவுரையைத் தமிழக நகரங்கள் பெரும்பாலும் மறந்தன.

வியன்னாவின் படமொழி

எழுத்தறிவு குறைந்தவரும் புரிந்துகொள்ளும் விதத்தில் எண்களைச் சொல்லும் முயற்சி முதல் உலகப் போருக்குப் பிந்திய வியன்னாவில் நடந்தது. சோஷலிஸ்டுகள் ஆண்ட அந்த மாநகராட்சி வீட்டுவரி விதித்து, தொழிலாளருக்கு ஆயிரக்கணக்கில் குடியிருப்புகள் கட்டியது. 1934க்குள் கட்டப்பட்டவை 60,000க்கும் அதிகம். எதற்கு வரி, அது எங்கே போகிறது என்று மக்களுக்கு விளக்க, தத்துவ அறிஞர் ஓட்டோ நாய்ராத் 1925இல் சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார்.

அவர் வகுத்த முறையில் ஒரு விதி அடிப்படையானது. எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுள்ள உருவத்தைத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். பெரிய ஆளையும் சிறிய ஆளையும் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும், வரிசையாக நிற்கும் ஆட்களை எண்ணினால் ஏமாறாது. மேரி ரெய்டமைஸ்டர் புள்ளிவிவரத்தைப் படமாக மாற்றும் வடிவத்தைத் தீர்மானித்தார். ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் உருவங்களைச் செதுக்கினார். 1934இல் அரசியல் நிலை மாறியதும் நாய்ராத் ஹாலந்துக்கும், 1940இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் தப்பினார். ஐசோடைப் என்று பெயர் பெற்ற அவர்களின் படமொழியே இன்று பொதுவிடங்களில் காணப்படும் குறியீடுகளுக்கு முன்னோடி.

லண்டனும் இந்தப் பாடத்தைக் கற்றது. குண்டுவீச்சில் சிதைந்த நகரை மீண்டும் கட்ட ஏபர்கிராம்பியும் ஃபோர்ஷாவும் 1943இல் வெளியிட்ட லண்டன் மாவட்டத் திட்டத்தில், நகரின் ஒவ்வொரு குடியிருப்புச் சமூகமும் முட்டை வடிவிலான திட்டுகளாக வரையப்பட்டது. கண்காட்சி, மலிவுப் பதிப்பு, திரைப்படம் மூன்றும் அதை மக்களிடம் கொண்டுபோயின.

சிவப்பு வண்ணம் செய்த தீங்கு

வரைபடம் எப்போதும் ஏழையின் பக்கமே நின்றதில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்களுக்கு உதவ அமெரிக்க அரசு 1933இல் ஒரு கடன் நிறுவனம் அமைத்தது. அது 1935க்கும் 1940க்கும் இடையே இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குக் கடன் பாதுகாப்பு வரைபடம் தயாரித்தது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்து நீலம், பிறகு மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பாயின. கட்டடத்தின் நிலையோடு குடியிருப்பவரின் இனமும் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு காரணியாக இருந்தது.

கடனுக்கு உத்தரவாதம் தந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் இதே பாகுபாட்டைத் தன் விதிகளில் வைத்திருந்தது. எந்த அமைப்பின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விளைவு குறித்துக் கருத்து வேறுபாடு இல்லை: கடன் கிடைக்காத பகுதியில் வீடு பழுதாயிற்று, விலை வீழ்ந்தது, அடுத்த தலைமுறைக்குச் சொத்து சேரவில்லை. 1968இல்தான் வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்தது. பூத்தின் வரைபடம் வறுமையைக் காட்ட வண்ணமிட்டது. இந்த வரைபடம் வண்ணமிட்ட இடத்தில் வறுமையை நிலைநிறுத்த உதவியது.

எண்ணப்பட்டவர்களே எண்ணியபோது

இதுவரை சொன்ன எல்லாக் கணக்கெடுப்பிலும் எண்ணியவர் வெளியாள். அந்த வழக்கத்தை மாற்றிய முக்கியமான முயற்சி பம்பாயில் நடந்தது. 1981இல் நடைபாதைவாசிகளை அகற்ற மாநில அரசு முயன்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985 ஜூலையில் வந்த தீர்ப்பு, வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று ஏற்றாலும், உரிய அறிவிப்புக்குப் பின் அகற்றலாம் என்றது. அதே ஆண்டு ஸ்பார்க் என்ற அமைப்பு பைகுல்லா பகுதியின் நடைபாதைப் பெண்களோடு சேர்ந்து அவர்களைப் பற்றிய முதல் விரிவான கணக்கெடுப்பை நடத்தி வெளியிட்டது. ஏறக்குறைய 6,000 குடும்பங்கள், 27,000 பேர். பெரும்பாலோர் உழைத்துப் பிழைப்பவர்கள், வேலையிடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதற்காகவே நடைபாதையில் தங்கியவர்கள். பிச்சைக்காரர், நேற்று வந்தவர் என்ற பொதுக் கருத்துக்கு அந்த எண்கள் மறுப்பாயின. அதற்கு முன் அவர்கள் எந்தக் குடிசைப்பகுதிப் பட்டியலிலும் இல்லை. 1995இல் மகாராஷ்டிர மறுவாழ்வுக் கொள்கை நடைபாதைவாசிகளையும் மாற்று வீட்டுக்கு உரியவர்களாக ஏற்றது. தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் இந்த முறை ஆப்பிரிக்க, ஆசியக் குடிசைவாசிகள் அமைப்புகள் பலவற்றுக்கும் பரவியது.

கணினி வரைபடமும் செயற்கைக்கோள் படமும் வந்தபின் எண்ணுவது எளிதாகிவிட்டது, அழகாகக் காட்டுவதும் எளிதாகிவிட்டது. வேகமும் அளவும்தான் புதியவை. ஸ்னோ விதிவிலக்குகளைத் தேடிப் போனதும், நெய்சன் சராசரியைச் சந்தேகித்ததும், நாய்ராத் கண் ஏமாறாதபடி விதி வகுத்ததும், பைகுல்லாப் பெண்கள் பட்டியலுக்குள் தாங்களே நுழைந்ததும் இன்றைய எந்தத் திரை வரைபடத்துக்கும் பொருந்தும் சோதனைகள். மாநகராட்சியோ, அமைச்சகமோ, நாளிதழோ ஒரு நகர வரைபடத்தை முன்வைக்கும்போது மக்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: எண்ணியவர் யார், எண்ணாமல் விடப்பட்டவர் யார், எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள், இந்தக் கணக்கைக் காட்டி யார் வீட்டை இடிக்கப் போகிறார்கள். இவற்றுக்குப் பதில் இல்லாத வரைபடத்தை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.